சுஜித்தோன்: ஒரு நாளைக்கு நானூறு பேர்

2022 ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை. பிரான்சின் தெற்கே, மர்சேய் நகரத்தை ஒட்டியிருக்கும் சுஜித்தோன் என்ற சின்னக் குடாவுக்குக் குளிக்க வந்தவர்களிடம் அன்றுதான் முதன்முறையாக முன்பதிவைக் காட்டச் சொன்னார்கள். போனில் கியூஆர் கோடு இருந்தால் கீழே இறங்கலாம். இல்லாதவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டும். மீறி இறங்கினால் 68 யூரோ அபராதம். ஒரு நாளைக்கு 400 பேர், அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. முந்தைய கோடையில், கூட்டம் உச்சத்தில் இருந்த நாட்களில், இதே இடத்தில் 2,500 பேர் வரை வந்திருக்கிறார்கள்.

ஆறில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்திருக்கிறார்கள். கடலில் இடம் போதாமல் இப்படிச் செய்யவில்லை. தண்ணீர் அழுக்காகிவிட்டதென்றும் செய்யவில்லை. கெட்டுப்போனது கரைக்கு மேலே, பைன் மரங்களுக்கு அடியில் இருந்த மண். நீந்த வருகிறவர்கள் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரத்தை எங்கே உட்கார்ந்து கழிக்கிறார்கள் என்பதில்தான் இந்தச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

குடாவின் அமைப்பு

மர்சேய்க்கும் கஸ்ஸிக்கும் இடையே கடலோரம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலை. அதை நீர் அறுத்து உண்டாக்கிய குறுகிய பள்ளத்தாக்குகளைக் ‘கலாங்க்’ என்கிறார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதி மூழ்கிவிட்டது. இப்போது நாம் குளிக்கும் இடம் ஒரு பள்ளத்தாக்கின் நடுப்பகுதி. அதனால்தான் இங்கே கடற்கரை என்று சொல்லும்படி ஒன்று பெரிதாக இல்லை. பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. இடையில் கூழாங்கல் கிடக்கும் சிறு துண்டு நிலம். அதற்குப் பின்னால் உடனே சரிவு, சரிவில் அலெப்போ பைன் மரங்கள்.

சுஜித்தோனுக்குப் பக்கத்திலேயே மோர்ஜியூ முனை. அங்கே கடலுக்கு அடியில் 37 மீட்டர் ஆழத்தில் ஒரு குகை வாசல் இருக்கிறது. முக்குளிப்பவரான ஆன்றி கோஸ்கேர் 1985இல் அதற்குள் நுழைந்தார். ஏறக்குறைய 175 மீட்டர் நீளமுள்ள சுரங்கம் மேல்நோக்கிப் போய் ஒரு கூடத்தில் முடிகிறது. சுவரில் குதிரை, காட்டெருமை, கடல்நாய், இன்று அழிந்துபோன பெரிய ஆக் பறவை, மனிதக் கைகளின் பதிவுகள். அவற்றை வரைந்தவர்கள் நடந்துதான் வந்தார்கள். கடல் அப்போது பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 1991இல் மூன்று முக்குளிப்பாளர்கள் அந்தச் சுரங்கத்தில் வழி தெரியாமல் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் குகை வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது, வாசலும் அடைக்கப்பட்டது. யாரும் போக முடியாத அந்தக் குகையின் நகல் ஒன்றை மர்சேய் துறைமுகத்தில் மக்கள் பார்வைக்குத் திறந்தது 2022 ஜூன் மாதம். சுஜித்தோனில் முன்பதிவு தொடங்கியதும் அதே மாதம்.

2012 ஏப்ரலில் இந்தக் கடலோரம் தேசியப் பூங்காவானது. மையப் பகுதியில் நிலம் 8,500 ஹெக்டேர், கடல் 43,500 ஹெக்டேர். பெருநகரத்தின் வாசலிலேயே ஒரு தேசியப் பூங்கா என்பது அபூர்வம். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் வருகிறார்கள். அவர்களில் இத்தனை பேர் சுஜித்தோனுக்கே வந்ததற்கு எளிய காரணம் உண்டு. நகரப் பேருந்து லுமினி பல்கலைக்கழக வளாகம் வரை போகிறது. அங்கிருந்து காட்டுப்பாதையில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் நடந்தால் குடா. மற்றப் பல கலாங்குகளுக்கு நெடுநேரம் நடக்க வேண்டும், அல்லது படகு வேண்டும். கார் இல்லாத மாணவருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கும் தொழிலாளிக்கும், ஒரு பேருந்துச் சீட்டின் விலையில் கிடைத்த கடல் இது.

எப்படிப்பட்ட தண்ணீர்

மணல் கடற்கரையில் குளித்துப் பழகியவர்கள் இங்கே முதலில் கற்க வேண்டியது இறங்குவதும் ஏறுவதும். மணலில் முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஆழம் படிப்படியாக வரும். பாறைக் குடாவில் இரண்டு எட்டு வைத்தால் கால் எட்டாது. இறங்கும்போது எளிதாகத் தோன்றும் பாறை, ஏறும்போது பாசி வழுக்கும். விளிம்புக்குச் சற்றுக் கீழே கறுப்பு நிறக் கடல் முள்ளெலிகள் (உடல் முழுக்க முள் நிறைந்த உருண்டை உயிரிகள்) ஒட்டிக்கொண்டிருக்கும்; மிதித்தால் முள் ஒடிந்து உள்ளங்காலுக்குள்ளேயே தங்கிவிடும். ரப்பர் செருப்பு இல்லாமல் போகாதீர்கள் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் முதல் நாளே தெரிந்துவிடும்.

ஏற்றவற்றம் இங்கே சில பத்து சென்டிமீட்டர்தான். காலையில் இறங்கிய படியே மாலையிலும் கிடைக்கும். லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்பு. பெருங்கடலைவிட அதிகம், அதனால் உடம்பு சுலபமாக மிதக்கும். ஊட்டச்சத்து குறைந்த கடலாதலால் நுண்ணுயிர்ப் பாசி குறைவு, தண்ணீர் கண்ணாடி. முகமூடியும் மூச்சுக் குழாயும் போட்டுக் குனிந்தால் பத்து மீட்டர் ஆழத்துப் பாறைகூடக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். குடாவின் நடுவே டார்பிடோப் படகின் வடிவில் ஒரு பாறைத் தீவு நிற்கிறது. பெயரும் அதுவே: லெ தொர்பியேர். ஓரளவு நீச்சல் தெரிந்த எவருக்கும் அதுவரை போய்வர ஆசை வரும்.

ஆனால் இந்தத் தண்ணீர் இரண்டு முகம் உள்ளது. நம் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்து அழைப்பதுபோல, அங்கே வடமேற்கிலிருந்து வருவதற்கு மிஸ்திரால் என்று பெயர். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வேகம் கூடி வந்து கடலில் பாய்கிறது. காற்று கடலின் மேற்பரப்பை வெளியே தள்ள, வெயிலில் சூடான நீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறுகிறது. ஆகஸ்டு மாதம் 24, 25 டிகிரி இருந்த தண்ணீர் ஓரிரு நாளில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். வானம் நீலம், வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஒரு மணி நேரம் மலையில் நடந்து உடம்பு கொதிக்கிறது; அப்படியே குதித்தால் என்ன ஆகும்? தோல் குளிரை உணர்ந்த நொடியில் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அது நடந்தால் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். முதல் ஓரிரு நிமிடம் கழிந்துவிட்டால் மூச்சு அடங்கும். அதனால்தான் படிப்படியாக இறங்கு, முகத்தையும் பிடரியையும் நனை, மூச்சு சீரான பிறகு நீந்து என்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். மூச்சு இழுப்பதை நீச்சல் திறமையால் தடுக்க முடியாது.

உயரத்திலிருந்து பாய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெளிந்த நீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும், சில இடங்களில் பாறையின் விளிம்பையே மறைக்கும். பத்து மீட்டரிலிருந்து குதிக்கும் உடல் நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். உடல் சற்றுச் சாய்ந்து விழுந்தாலும் முதுகெலும்பு தாங்காது. சுஜித்தோனில் உயிர்காப்பாளர் கிடையாது, சாலை கிடையாது. அடிபட்டவரை ஹெலிகாப்டரிலோ படகிலோதான் கொண்டுபோக வேண்டும். கடலில் ஆபத்து என்றால் பிரான்சில் அழைக்க வேண்டிய எண் 196. இளைஞர்கள் குதிப்பதில் இருக்கும் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதலில் ஒருவர் முகமூடி போட்டுக் கீழே போய்ப் பார்க்காமல் யாரும் குதிக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

துடுப்பும் முக்குளிப்பும்

இந்தக் கடலோரத்தைப் பார்க்கக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகைவிட நல்ல வழி இல்லை. கஸ்ஸியிலிருந்து கிளம்பினால் போர்-மியூ, போர்-பான், ஆன்-வோ என்று வரிசையாகக் குடாக்கள். கரையிலிருந்து 300 மீட்டர் வரையுள்ள பட்டையில் மோட்டார் படகுகள் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டக் கூடாது. 3.5 மீட்டருக்குக் குறைவான நீளமுள்ள, நின்றபடி துடுப்புப் போடும் பலகைகள் அந்தப் பட்டைக்கு வெளியே போகக் கூடாது. ஜெட் ஸ்கீக்குப் பூங்காவின் மையக் கடலில் இடமே இல்லை. அந்தத் தடைக்கு நான் முழு ஆதரவு. இருபுறமும் செங்குத்துப் பாறை நிற்கும் குடாவில் ஒரு மோட்டாரின் சத்தம் எதிரொலித்துப் பத்து மோட்டாராகிவிடும்.

துடுப்புப் போடுகிறவருக்கும் எதிரி மிஸ்திரால்தான், ஆனால் வேறு விதத்தில். அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று. மலையின் மறைவில் இருக்கும் குடாவுக்குள் தண்ணீர் பளிங்குபோல அசையாமல் இருக்கும். அலை இல்லை, பயமில்லை என்று பலகையில் ஏறிக் குடாவின் வாயைத் தாண்டியதும் காற்று முதுகில் பிடித்துத் தள்ள ஆரம்பிக்கும். போவது சுகம், திரும்பும்போது கை ஓய்ந்துவிடும். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகையில் மனித உடம்பே பாய்போல வேலை செய்யும். அப்போது உட்கார வேண்டும், அல்லது பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தள்ள வேண்டும். எக்காரணம் கொண்டும் பலகையை விட்டுவிட்டு நீந்தக் கூடாது. கிழக்கிலிருந்து வரும் காற்று வேறு குணம்: அலையையும் சொறி மீனையும் குடாவுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். அது கண்ணுக்குத் தெரிந்துவிடுவதால் மக்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அமைதியாக இருக்கும் தண்ணீர்தான் ஆட்களை ஏமாற்றுகிறது.

முக்குளிப்பில் மர்சேய்க்கு நீண்ட வரலாறு. 1962இல் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் குழுவைச் சேர்ந்த அல்பேர் ஃபால்கோவும் குளோத் வெஸ்லியும் மர்சேய்க்கு எதிரே ஃபிரியூல் தீவருகில், பத்து மீட்டர் ஆழத்தில் ஓர் இரும்பு உருளைக்குள் ஒரு வாரம் வாழ்ந்து காட்டினார்கள். இன்று பூங்காவின் கடலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில் மீன்பிடி அறவே இல்லை. அங்கே முகமூடி மட்டும் போட்டவருக்கும் பார்க்க நிறைய உண்டு.

கீழே தரையில் பரந்திருப்பது போசிடோனியா கடற்புல். பாசி அல்ல, பூத்துக் காய்க்கும் தாவரம். 40 மீட்டர் ஆழம் வரை வளரும். அதன் வேர்த்தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டருக்கு மேல் நகராது. ஒரு படகின் நங்கூரம் ஐந்து நிமிடத்தில் பிடுங்குவதைத் திருப்பி வளர்க்க ஒரு மனித ஆயுள் போதாமல் போகலாம். அதனால் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் கடற்புல் மேல் நங்கூரம் போடுவதற்கு 2019 முதல் பிரெஞ்சு மத்தியதரைக் கரையில் தடை வந்தது. நீந்துகிறவர் அதன் மேலே மிதந்து போவதால் புல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர் கரையேறிய பிறகு நடப்பதுதான் வேறு கதை.

மண் போன கதை

2,500 பேர் வந்தால் எல்லோருக்கும் தண்ணீரோரம் இடம் கிடைக்காது. முதலில் வந்தவர்கள் தட்டையான பாறைகளைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்தவர்கள் கூழாங்கல்லில். அதற்குப் பின்னால் வருகிறவர்கள் சரிவில் ஏறிப் பைன் நிழலில் துணி விரிப்பார்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும் நாளில் கூட்டம் மேலும் அதிக நேரம் மேலேயே இருக்கும். பாதையில் நெரிசல் என்றால் பக்கத்தில் ஒரு புதுப் பாதை போட்டு இறங்குவார்கள். அடுத்தவர் அதைப் பின்பற்றுவார்.

சுண்ணாம்புக்கல் மலையில் மண் என்பது மெல்லிய போர்வை. வேர்களும் உதிர்ந்த ஊசி இலைகளும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான கால்கள் கோடை முழுக்க மிதித்தால் மண் இறுகிவிடும், மழைநீர் உள்ளே இறங்காது. அங்கே கோடையில் மழை அரிது. இலையுதிர் காலத்தில் கொட்டித் தீர்க்கும். இறுகிய சரிவில் விழும் அந்த மழை மண்ணை அள்ளிக்கொண்டு நேராகக் கடலுக்குப் போய்விடும். சுஜித்தோனில் பைன் மரங்களின் வேர்கள் தரைக்கு மேலே எலும்புபோலத் தெரிய ஆரம்பித்தது இப்படித்தான். மரம் பச்சையாகவே நிற்பதால் வருகிறவர் கண்ணுக்கு ஆபத்து தெரியவில்லை. ஆனால் விதை விழுந்து முளைக்க மண் இல்லை. முளைத்தாலும் முதல் கோடையிலேயே யாரோ ஒருவரின் பைக்கு அடியில் நசுங்கிவிடும். பெரிய மரங்கள் வயதாகிச் சாயும்போது அந்த இடத்தை நிரப்ப இளசு ஒன்றுகூட இருக்காது. அதன் பிறகு மிஞ்சுவது மொட்டைப் பாறை.

குப்பையைப் பொறுக்கலாம், பாட்டுச் சத்தத்தை நிறுத்தலாம். எல்லோருமே ஒழுங்காக நடந்துகொண்டாலும் 2,500 ஒழுங்கான ஜோடிக் கால்கள் செய்யும் வேலை ஒன்றுதான். இங்கே நடத்தை அல்ல, எண்ணிக்கைதான் பிரச்சினை. பூங்கா நிர்வாகம் இதைச் சரியாகக் கண்டுகொண்டது என்பது என் கருத்து.

“வராதீர்கள்” என்று ஒரு விளம்பரம்

எண்ணிக்கையில் கை வைப்பதற்கு முன் அவர்கள் செய்துபார்த்தது புதுமையானது. பொது முடக்கத்துக்குப் பிந்தைய கோடைகளில் வெளிநாடு போக முடியாத பிரெஞ்சு மக்கள் மர்சேய்க்குத் திரண்டார்கள். சமூக ஊடகங்களில் நீலத் தண்ணீரும் வெறிச்சோடிய பாறையுமான படங்கள் சுற்றின. 2021இல் பூங்கா தன் இணையதளத்தை மாற்றி அமைத்தது. அழகான படங்களுக்குப் பக்கத்தில் இடுக்கில்லாமல் மனிதர்கள் நெருங்கிக் கிடக்கும் கரையின் படத்தையும் போட்டது. கரை குறுகல், தண்ணீர் குளிரும், திரும்பும் ஏற்றம் செங்குத்து என்றெல்லாம் எழுதியது. உள்ளதை உள்ளபடி சொல்லி ஆட்களைக் குறைக்கும் முயற்சி.

அது மட்டும் போதவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரான்சின் காலநிலைச் சட்டம், பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு மக்கள் போவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் தெளிவாக வழங்கியது. 2022இல் முன்பதிவு வந்தது. முதலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், பிறகு ஜூலை 10 முதல் ஆகஸ்டு 21 வரை தினமும். சுஜித்தோனும் அடுத்திருக்கும் ‘பியேர் தோம்பே’யும் (பெயருக்கு ‘விழுந்த கற்கள்’ என்று பொருள்) சேர்ந்தே இந்த வரம்புக்குள் வந்தன. பதிவு மூன்று நாட்களுக்கு முன்புதான் திறக்கும். மாதக்கணக்கில் முன்பே இடம் பிடித்து வைக்கும் வெளியூர்க்காரருக்கு இது சாதகமாகிவிடாதபடி செய்த ஏற்பாடாகவே இதைப் பார்க்கிறேன், நல்ல ஏற்பாடு.

யாருக்கு நட்டம்

இதே சிக்கலை வேறு இடங்களில் வேறு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். இத்தாலியின் சார்டினியாத் தீவில் லா பெலோசா மணல் கரையில் ஒரு நாளைக்கு 1,500 பேர், தலைக்கு 3.50 யூரோ. மர்சேய்க்குக் கிழக்கே பொர்க்கெரோல் தீவில் 2021 முதல் கோடை நாளொன்றுக்கு 6,000 பேர். தீவு என்பதால் படகுச் சீட்டை எண்ணினாலே போதும். சுஜித்தோனில் விலை வைக்காததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பேருந்தில் வருகிறவரின் கடற்கரையில் கட்டணம் வைத்தால் முதலில் விலகிப் போவது அவர்தான்.

அப்படியும் நட்டம் இருக்கிறது. மர்சேய் மக்களுக்கு இந்த மலை வெறும் சுற்றுலா இடம் அல்ல. 1910 மார்ச்சில், போர்-மியூ குடாவைக் கல்குவாரி தின்றுவிடக் கூடாது என்று அந்நகரத்து நடைக் குழுக்கள் அங்கேயே திரண்டு எதிர்ப்புக் காட்டின. இயற்கையைக் காக்க பிரான்சில் நடந்த மிகப் பழைய போராட்டங்களில் ஒன்று அது. அந்த ஊரில் பிறந்த பையன் காலையில் எழுந்து, வெயிலைப் பார்த்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி வருவான். திட்டமிடாமல் வருவதுதான் அவன் உரிமையின் வடிவம். போனில் பதிவு செய்யத் தெரிந்தவர், முடிந்தவர், மூன்று நாள் முன்பே தன் ஓய்வு நாளை அறிந்தவர் ஆகியோருக்கே இந்த முறை வசதி. இலவசம் என்பதாலேயே சமம் ஆகிவிடாது. நாளின் இடங்களில் ஒரு பகுதியையாவது லுமினி பேருந்து நிறுத்தத்தில், வரிசையில் நிற்பவருக்கு நேரில் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணிக்கை மாறாது, மண்ணுக்கும் பாதகமில்லை.

பலனைப் பற்றிப் பேசும்போது இரண்டு கடிகாரங்கள் தேவை. கூட்டம் குறைந்தது முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்தது. மண் அப்படியல்ல. முளைத்த பைன் கன்று ஒன்று மிதிபடாமல் வேரூன்றி, வறண்ட கோடைகளைத் தாண்டி, சரிவைப் பிடிக்கும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். வந்துபோனவர் மனநிறைவை எண்ணிப் பார்ப்பதைவிட, சரிவில் முழங்கால் உயரம் தாண்டிய கன்றுகளை எண்ணிப் பார்ப்பதே இந்த முயற்சிக்குப் பொருத்தமான அளவுகோல்.

மிஸ்திரால் அடிக்கும் நாள்

முன்பதிவு கையில் இருந்தும் போக முடியாத நாட்கள் உண்டு. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, காட்டுத் தீ அபாயத்தைப் பொறுத்து மலைக்குள் நுழைவது நாள்தோறும் தீர்மானிக்கப்படுகிறது. முந்தின நாள் மாலையே அறிவிப்பு வரும். சிவப்பு என்றால் பாதை மூடல், பதிவும் செல்லாது. சிவப்பு வருவது பெரும்பாலும் மிஸ்திரால் அடிக்கும் நாளில். மலையை மூடும் அதே காற்று, குடாவின் சூடான நீரை வெளியே தள்ளி ஆழத்துக் குளிரை மேலே கொண்டுவந்துகொண்டிருக்கும். காற்று நின்று, பாதை மறுபடி திறந்து, 400 பேர் இறங்கும் காலையில் வானமும் கடலும் அசையாமல் இருக்கும். தண்ணீர் மட்டும் இன்னும் 16 டிகிரியில் இருக்கலாம். அன்று முதலில் காலை நனைத்துப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.